ஆறு மணல் மூட்டை

பட்டறை வாசலில் ஒரு சாக்கை விரித்து, அதன்மேல் வேனின் பின்பக்கத்துப் பட்டைகளை நீளமானதிலிருந்து குட்டையானது வரை வரிசையாக அடுக்கிவைத்து, அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அறுபதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம். கடலூர் முதுநகரில் துறைமுகத்துக்குப் போகும் சாலையோரம் இருந்தது அந்தப் பட்டறை. வண்டியின் உடம்பைத் தாங்குகிற இரும்புப் பட்டைகள் அவை. லேசாக வளைந்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துக் கட்டப்பட்டு, சக்கரம் பள்ளத்தில் விழும்போது அடியைத் தாமே வாங்கிக்கொள்பவை. ஒரு பக்கத்துக்கு ஏழு. வலப் பக்கத்து ஏழில் மூன்று விரிசல் கண்டிருந்தன. மீன் கூடைகளிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர் பலகை இடுக்கு வழியாக அவற்றின்மேல் ஆண்டுக்கணக்கில் சொட்டியிருந்தது. அண்ணன் ஒரு பட்டையை நகத்தால் சுரண்டினார். துரு செதில் செதிலாக வந்தது. விடுதியிலிருந்து சனிக்கிழமை வீட்டுக்குப் போகிற வழியில் அவரோடு சேர்ந்துகொள்ள வந்த நான், புடவை அழுக்காகாமல் தள்ளி நின்றுகொண்டிருந்தேன். தள்ளி நிற்பதில் அப்போதே எனக்கு நல்ல தேர்ச்சி.

அது பட்டாளத்து வேன். இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் ஏலத்தில் போய், இரண்டு மூன்று கை மாறி எங்களிடம் வந்தது. அப்பா இறந்தபின், தோணியில் தனக்கிருந்த பங்கைக் கொடுத்துவிட்டு அண்ணன் அதை வாங்கினார். விடியற்காலையில் துறைமுகத்தில் மீன் ஏற்றிச் சிதம்பரம் மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, பத்து மணிக்குள் வீடு திரும்பிவிடுவார். கடலை விட்டு ரோட்டுக்கு வந்தாலும் மனதில் அவர் தோணியைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். தோணியின் முன்முனையைச் சொல்வதுபோல வண்டியின் முன்பக்கத்தையும் அணியம் என்றுதான் சொல்வார். பட்டறைக்காரரான பாய் அதைக் கேட்டுச் சிரிப்பார். "மச்சான், ஒன் அணியத்துல லைட்டு எரியல, பாத்துக்க" என்பார். ஆனால் அந்த வண்டி ஆடிய ஆட்டத்துக்குத் தோணி என்ற பெயர் பொருத்தம்தான். வலப் பக்கம் அமுங்கி, இடுப்பில் குடம் வைத்த பெண்ணைப்போல ஒருக்களித்து நிற்கும். ஆலப்பாக்கம் தாண்டி ஒரு வளைவில் ஈரக் கூடைகளெல்லாம் ஒரே பக்கம் சரிந்து, இரண்டு சக்கரம் தரையை விட்டுத் தூக்கிவிட்டதாக ஒருநாள் அண்ணனே சொன்னார். அதைச் சொல்லும்போதுகூட அவருக்குச் சிரிப்புத்தான்.

வண்டியைச் சரிசெய்தே ஆகவேண்டும் என்று அவரைக் கிளப்பியது அந்த வளைவு அல்ல, அண்ணி. அண்ணிக்கு அதற்குமுன் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போயிருந்தன. மூன்றாவது தங்கியிருந்தது. சிதம்பரத்தில் ஒரு டாக்டரம்மா இருந்தார். வீடும் ஆஸ்பத்திரியும் ஒன்றாக வைத்திருந்தவர். அவர் கைதான் ராசி என்று அண்ணி நம்பினார். மாதம் ஒருமுறை வந்து காட்ட வேண்டும், உடம்பு அதிகம் ஆட்டம் காணக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். முதல் மாதம் மீன் வண்டியில் முன்னால் உட்கார்ந்து போன அண்ணி, வண்டி இப்படியும் அப்படியும் ஊசலாடியதில் வழியெல்லாம் வாந்தி எடுத்தார். அன்று சாயங்காலமே அண்ணன் பாயிடம் போய்விட்டார். இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும் என்று அவர் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பட்டையை மாற்ற வேண்டும் என்றுதான் சொன்னார். எங்களுக்கெல்லாம் அது விளங்கியது.

பழுதான பட்டைகளுக்குப் பதில் வேறு போட்டு, பக்கத்துக்கு இரண்டு பட்டை கூடுதலாகச் சேர்த்தார்கள். கொல்லர் உலையில் பழைய பட்டைகளைக் காயவைத்து, அடித்து, வளைவைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஓட்டத்திலிருந்து எடுத்துவிட்ட ஒரு பஸ்ஸிலிருந்து ஷாக் அப்சார்பர்களைக் கழற்றி வந்து, அதற்கென்று தாங்கி செய்து பொருத்தினார்கள். பட்டைகளுக்கு நடுவே உப்புத்தண்ணீர் இறங்காமலிருக்க பாய் கிரீஸ் வைக்கச் சொன்னார். அண்ணன் தோணிக்குப் பூசுகிற மீன் எண்ணெயைக் கொண்டுவந்து பூசினார். ஒரு வாரம் அந்தத் தெருவில் ஆள் நடமாட முடியவில்லை. வேலை முடிந்தபோது பாய் சொன்னதை நானும் கேட்டேன்.

"மச்சான், ஒண்ணு சொல்றேன், மனசுல வெச்சுக்க. இனிமே வளைவுல ஆடாது. கூடையோட போனா கல்லு மாதிரி போகும். ஆனா பட்டை ஜாஸ்தி ஆயிடுச்சு. காலியா ஓட்டினன்னா பள்ளத்துக்குப் பள்ளம் தூக்கி அடிக்கும். கனம் இருந்தாத்தான் இது வண்டி."

அண்ணன் தலையாட்டினார். "தோணி காலியா வந்தா அடியில மணல் போடறோமில்ல பாய், அதே கதைதான்."

அப்படியே செய்தார். சிதம்பரத்தில் கூடைகளை இறக்கிவிட்டு மெதுவாகப் புவனகிரி வரை வருவார். அங்கே வெள்ளாற்றில் இறங்கி ஆறு சாக்கில் மணல் அள்ளிப் பின்பக்கம் அடுக்கிக்கொண்டு, அதன்பிறகுதான் வேகம் பிடிப்பார். மறுநாள் மீன் ஏற்றப் போகும் முன் மணலை வீட்டு வாசலில் கொட்டிவிட்டுக் காலிச் சாக்குகளை எடுத்துப்போவார். கடற்கரைக் குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் மட்டும் ஆற்று மணல் குவிந்து கிடந்தது. சுவர் வைப்பவர்கள் வந்து கூடையில் அள்ளிப்போவார்கள். அண்ணி மறுமாதம் டாக்டரம்மாவிடம் போய்வந்து, "தூங்கிக்கினே வந்தேன் பாப்பா" என்று என்னிடம் சொன்னார். அண்ணன் அப்போது கிணற்றடியில் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். காதில் விழாதவர்போல் இரண்டு வாளித் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டார்.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். எங்கள் குப்பத்தில் ஆசிரியர் பயிற்சிக்குப் போன முதல் பெண் நான். அண்ணன் மீன் ஏற்றிப் படிக்கவைத்தார். விடுதியில் சேர்ந்த முதல் வாரத்தில், எனக்கு அடுத்துப் படுத்த பெண் ஒன்றும் பேசாமல் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு மறுகோடிக்குப் போய்விட்டாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் சண்டை போட்டிருப்பேன். அதன்பிறகு இரண்டு வேளை குளித்தேன். துணியை வெந்நீரில் ஊறவைத்தேன். வீட்டுக்கு வந்தால் அண்ணன் வண்டியில் ஏறாமல் பஸ்ஸில் போனேன். அண்ணன் கேட்டால் தலைசுற்றல் என்றேன். என் மூக்கு எனக்கு எஜமானாகிவிட்டிருந்தது.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணிக்கு அப்போது ஏழாம் மாதம். அண்ணன் சிதம்பரத்திலிருந்து திரும்பி வண்டியை நிறுத்திய சிறிது நேரத்தில் அண்ணிக்கு இடுப்பு வலி கண்டு, உதிரமும் பட்டது. முதல் இரண்டு தடவையும் இப்படித்தான் தொடங்கியது. அண்ணி சத்தம் போடவில்லை. சேலையை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். வாசல் பூவரச மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்தோம். டாக்டரம்மாவிடம் போய்விட்டால் பிள்ளை தங்கிவிடும் என்பதில் எங்கள் மூன்று பேருக்குமே சந்தேகமில்லை. அண்ணன் வண்டியின் பின்கதவைத் திறந்தார். உள்ளே ஆறு மணல் மூட்டை. மீன் தண்ணீரில் ஊறிய சாக்குகள், வெயிலில் நாற்றம் குப்பென்று வந்தது. பலகையெங்கும் செதில்.

"அண்ணே, இதுக்குள்ளயா அண்ணியப் படுக்க வெக்கறது? மூட்டைய எறக்கு. கழுவிட்டுப் போலாம்" என்றேன்.

"அது கனத்துக்குக் கெடக்குதும்மா."

"ஆஸ்பத்திரி வாசல்ல இந்த நாத்தத்தோட அண்ணிய எறக்கப் போறியா? கட்டில்ல ஏத்தறதுக்கே யோசிப்பாங்க. படிக்காத ஆளு மாதிரி பேசாத."

படிக்காத ஆள் மாதிரி. என்னைப் படிக்கவைத்த மனிதரிடம் சொன்னேன். அண்ணன் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். நான் படித்தவள், ஆஸ்பத்திரி நடப்பு எனக்குத்தான் தெரியும் என்று நினைத்திருக்க வேண்டும். ஆறு மூட்டையையும் இழுத்துக் கீழே போட்டார். நான் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, விடுதியிலிருந்து கொண்டுவந்திருந்த பினாயிலைத் தெளித்துத் தேய்த்துக் கழுவினேன். அரைமணி நேரம் ஆகியிருக்கும். அந்த அரைமணி நேரத்தில் எனக்குத் திருப்தியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். மெத்தையைப் போட்டு, சலவை விரிப்பு விரித்து, அண்ணியைப் படுக்கவைத்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன்.

மெதுவாக ஓட்டினால் போதும் என்று அண்ணன் நினைத்தார். ஆனால் அந்தச் சாலை அப்போது ஜல்லி பெயர்ந்து, மாட்டுவண்டித் தடம் விழுந்து கிடந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் பின்பக்கம் எகிறிக் குதித்தது. மெத்தையோடு அண்ணி ஒரு சாண் மேலே போய்ப் பலகையில் விழுந்தார். வேகத்தைக் குறைத்தால் குதிப்பது குறைந்தது, ஆனால் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக அடித்தது. நான் என் காலை அண்ணிக்குக் கீழே கொடுத்துப் பார்த்தேன், மெத்தையை மடித்துப் பார்த்தேன். அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னும் எவ்ளோ தூரம்" என்று மட்டும் கேட்டுக்கொண்டே வந்தார். பினாயில் வாசனை கும்மென்று இருந்தது. இன்றும் எந்த ஆஸ்பத்திரியிலாவது அந்த வாசனை வந்தால் நான் வெளியே வந்து நின்றுகொள்வேன்.

புதுச்சத்திரம் நெருங்கும்போது அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி ஓடினார். சாலையோரக் கழனியில் பெண்கள் களை பறித்துக்கொண்டிருந்தார்கள். வரப்பில் நின்று அவர் கையெடுத்துக் கும்பிட்டது பின்கதவு வழியே எனக்குத் தெரிந்தது.

"கொஞ்சம் வண்டியில ஏறுங்கம்மா. கனத்துக்கு. வூட்டுல மாசமா இருக்குது, வண்டி குலுங்குது."

அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருத்தி, "நாங்க எதுக்குங்க" என்றாள். அவர்களில் மூத்தவளாக இருந்த ஒரு அக்கா எட்டி வண்டிக்குள் பார்த்தாள். பிறகு திரும்பி, "கேட்டுகினு நிக்காதீங்கடி. ஏறுங்க" என்றாள். எட்டுப் பேர் ஏறினார்கள். முழங்கால் வரை சேறு. நான் தேய்த்துக் கழுவிய பலகையெல்லாம் ஒரு நொடியில் சேறாகிவிட்டது. பின்சக்கரத்துக்கு மேலே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அந்த அக்கா அண்ணியின் பாதங்களைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். வண்டி கிளம்பியது. அடுத்த பள்ளத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வண்டி லேசாக அமுங்கி எழுந்தது, அவ்வளவுதான். அதற்கடுத்த பள்ளத்திலும் அப்படியே. அண்ணனும் பாயும் நாள்கணக்கில் பாடுபட்டுச் செய்த வேலை எப்படிப்பட்டது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆறு மூட்டை கிடந்திருந்தால் வாசலிலிருந்தே இப்படி வந்திருக்கலாம் என்பதும் தெரிந்தது.

பெண் குழந்தை. அழவில்லை. துடிப்பு முன்னாலேயே நின்று போயிருக்கலாம், வழியிலும் போயிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. ஆஸ்பத்திரியில் யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை. சேற்றுக் காலோடு அண்ணியைத் தூக்கிவந்த அந்த எட்டுப் பேரையும் கூடத்திலேயே உட்காரச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். நான் பயந்த ஒன்றுகூட நடக்கவில்லை.

சிதம்பரத்திலேயே வேலையிலிருந்த அண்ணியின் அண்ணன், மனைவியோடு வந்துசேர்ந்தார். மனைவி உள்ளே அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் விசாரித்துக்கொண்டே வந்து, "காலி வண்டி தூக்கி அடிக்கும்னு நீங்கதானே மாப்ளே எல்லார்கிட்டயும் சொல்லுவீங்க. மூட்டை போடலியா?" என்று கேட்டார். நான் பக்கத்தில் வெந்நீர் பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அவசரத்துல மறந்துட்டேன் மச்சான்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. உள்ளே அண்ணி படுத்திருந்தார். கதவு திறந்துதான் இருந்தது.

அண்ணியை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டு, குழந்தையை ஒரு துண்டில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் காத்திருந்து எங்களோடு ஏறிக்கொண்டார்கள். பிற்பகல் வெயிலில் அதே சாலையில் வண்டி கொஞ்சமும் குலுங்காமல் திரும்பியது. புதுச்சத்திரத்தில் அண்ணன் நிறுத்தியதும் அந்த அக்கா இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். "நாங்க எறங்கிட்டா குலுங்குமே தம்பி" என்றாள். அண்ணன், "இனிமே குலுங்கினா என்னாக்கா" என்றார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கினாள். அங்கிருந்து வீடு வரை வண்டி தூக்கித் தூக்கி அடித்தது. நான் துண்டை மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

அண்ணியின் வீட்டார் அண்ணனை மன்னிக்கவில்லை. பொண்டாட்டியைவிட மீன் ஏற்றுவதுதான் அவனுக்குப் பெரிது, மீனுக்காகப் பட்டை போட்டவனுக்குப் பிள்ளைக்காக நாலு மூட்டை மணல் போடத் தெரியவில்லை என்று அண்ணியின் அம்மா தெருவில் நின்று மண்ணைத் தூற்றினார். நல்லது கெட்டதுக்கு அவரை அழைப்பதை நிறுத்தினார்கள். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டார். அண்ணி அதற்குப்பின் அந்த வண்டியில் ஏறவே இல்லை. அவர்களுக்கு வேறு பிள்ளையும் பிறக்கவில்லை. ஒருநாள் பட்டறைப் பக்கம் போனபோது பாய் என்னை நிறுத்தி, "ஏம்மா, ஆறு மூட்டையும் மறக்கற ஆளா ஒங்கண்ணன்?" என்று கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி நடந்தேன். மறுவருஷம் எனக்குக் குறிஞ்சிப்பாடிப் பக்கம் வேலை கிடைத்தது. என் டிரங்குப் பெட்டியை அந்த வண்டியில்தான் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கினார். கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். ஓரத்தில் கனத்துக்கு மணல் மூட்டைகள் இருந்தன, புதுச் சாக்கில்.

சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ முறை கிளம்பியிருக்கிறேன். கல்யாணம் முடியட்டும், பிள்ளைகள் வளரட்டும், அண்ணியின் அம்மா போகட்டும் என்று தள்ளிப்போட்டேன். அப்புறம் தலைமையாசிரியை ஆனேன். உண்மை பேச வேண்டும் என்று ஆயிரம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னேன், சொல்லும்போது முகம் மாறாமலிருக்கவும் பழகிக்கொண்டேன். அண்ணன் வயதாகி, வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டு, கடைசி இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்து இறந்தார். அந்த இரண்டு வருஷத்தில் ஞாயிறுதோறும் போய் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறேன். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். என் பேரன் பேத்திகளின் மார்க்கைச் சொன்னேன்.

அவர் போய் மூன்று மாதம் கழித்து அண்ணியைப் பார்க்கப் போனேன். இப்போது அந்தச் சாலை அகலமாகிவிட்டது. சிதம்பரத்திலிருந்து என் மகன் ஓட்டிய காரில் மடியில் வைத்திருந்த காபித் தம்ளர்கூடத் தளும்பவில்லை. புதுச்சத்திரத்தில் கழனி இருந்த இடம் எது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அண்ணி அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்து, எந்தப் பீடிகையும் இல்லாமல் சொன்னேன். மூட்டையை இறக்கச் சொன்னது நான்தான், அண்ணன் மறக்கவில்லை, அது கனத்துக்குக் கிடக்கிறது என்றுதான் அவர் சொன்னார் என்றேன். நாற்பது வருஷத்துக்கு மேல் சேர்த்துவைத்த பேச்சு இரண்டு நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது.

அண்ணி கீரையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"மரத்தடியில கட்டில்ல படுத்துக் கெடந்தவ நானு. நீங்க ரெண்டு பேரும் பேசினது என் காதுல விழாமலா இருக்கும்" என்றார்.

"அப்போ ஏன் அண்ணி நீங்க யாருகிட்டயும் சொல்லல?" என்று கேட்டேன்.

"அவுரு மறந்துட்டேன்னு சொல்லிட்டாரு. ஒன்ன யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுன்னுதான் சொன்னாரு. நான் மாத்திச் சொன்னா அவுரு சொன்னதுக்கு என்னா மரியாதை? நம்பின மாதிரியே இருந்துட்டேன். நாங்க ரெண்டு பேரும் அதப் பத்திப் பேசினதே இல்ல."

ஆய்ந்த கீரையை முறத்தில் போட்டுத் தள்ளினார். தண்டுகளைத் தனியே ஒதுக்கினார். நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் என்னைத் தேற்றவும் இல்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. முறத்தை ஓரமாக நகர்த்திவிட்டுச் சொன்னார்.

"அவுரு படுக்கையில கெடக்கும்போது நீ வர்ற ஞாயித்துக்கெழமையெல்லாம் நான் எழுந்து இந்தப் பக்கம் வந்துடுவேன் பாப்பா. நீ அவருகிட்ட இதச் சொல்லுவியோன்னு. ஒரு தடவ சொல்லியிருக்கலாம். கேட்டுட்டுப் போயிருப்பாரு."